ஓவசியர் வீட்டு எட்டாவது குழாய்

குழாய் ஒழுகத் தொடங்கும்வரை குழாய் வேலைக்காரன் என்று ஒருவன் ஊரில் இருப்பதே யாருக்கும் ஞாபகம் வராது. ஆனால் நகரசபைக்கு மட்டும் எங்களை நன்றாக ஞாபகம் இருக்கும். லைசென்ஸ் இல்லாதவன் திருகோணமலை நகரத்தில் தண்ணீர்க் குழாயையோ கழிவுக் குழாயையோ தொடக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். சபைக் கந்தோர் வாசலில் நின்று கால் கடுத்தவர்கள் என் கதையைக் கேட்டால் சிரிக்கமாட்டார்கள்.

துரையின் கடிதம்

முதலில் அனுபவச் சான்று கேட்டார்கள். நான் வெள்ளைக்காரனின் கடற்படைத் தளத்து டொக்யாட்டில் குழாய் பூட்டியவன். வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனபோது, என் வேலையைக் கண்ட துரையும் கப்பலேறிவிட்டார். இதைக் கிளாக்கரிடம் விளக்கினேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“துரை கப்பலிலை போனால் என்ன, கடிதமும் கப்பலிலைதானே வரும்? எழுதிப் போடும்.”

பிணை

துரையின் பதில் மாரி முடியத்தான் வந்தது. அடுத்து, தோண்டிய ரோட்டை மூடாமல் விட்டால் பொறுப்பேற்க, ஊரில் சொத்துள்ள ஒருவர் கையெழுத்து வைக்கவேண்டும். சொந்தக்காரர் எல்லோருக்கும் அன்றைக்கென்று அவசர வேலை வந்துவிட்டது. கடைசியில் இரும்புக்கடை காசிம் நானாவிடம் போனேன். கிண்ணியாக்காரர். ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“ரோட்டை மூட மறந்தாலும் பரவாயில்லை சூசை, பைப்பு வாங்க என்ட கடையை மறந்திராதீங்க.”

சோதனை

கடைசியாகச் செய்முறைச் சோதனை. ஓடுகிற குழாயில் கிளை எடுத்து, புதுக்குழாய் பூட்டித் தண்ணீர் வரச்செய்யவேண்டும். லைசென்ஸ் இல்லாதவன் பழகிப்பார்க்க யார் வீடு கொடுப்பார்? அதனால் சபை வேலைகளை மேற்பார்வை பார்த்து எங்களைச் சோதிக்கிற ஓவசியர் ஐயா பெருந்தன்மையோடு தன் வீட்டையே கொடுத்திருந்தார். எனக்கு முன் ஏழு பேர் அங்கே பாஸ் பண்ணியிருந்தார்கள். வாசல் படலையடியில் ஒன்று, மாமரத்தடியில் ஒன்று, கோழிக்கூட்டுக்குப் பக்கத்திலும் ஒன்று என்று வளவெல்லாம் குழாய்கள். எனக்கு மிஞ்சியது பின்பக்கத்துச் சமையல் குசினி.

பூட்டி முடித்தேன். காலையில் சபை தண்ணீர் திறந்துவிட்ட நேரம் என் குழாய் இரண்டுமுறை இருமிவிட்டு ஓய்ந்துபோனது. அந்த வாரத்துக்குள் லைசென்ஸ் காட்டாவிட்டால் கன்னியர்மடத்துக் குழாய் வேலை வேறொருவருக்குப் போய்விடும். டொக்யாட்டை விட்டபின் எனக்குக் கிடைக்க இருந்த முதல் பெரிய வேலை அது. உண்மையைச் சொன்னால், எனக்கு அழுகை வந்தது. ஓவசியருக்கும் கவலைதான்.

“தண்ணி வராத பைப்புக்கு நான் என்னெண்டு கையெழுத்து வைக்கிறது? நீரே சொல்லும்.”

வாழைத்தோட்டம்

அப்போது குசினிக்குள்ளிருந்து ஓவசியரின் மனைவி வந்தார். “இஞ்சாருங்கோ, கச்சான் காத்துக்கு ஊரிலை எல்லாற்றை வாழையும் காஞ்சுபோச்சு. எங்கடை மட்டும் ஏன் இப்பிடிக் குலை தள்ளுது? நீங்கள் பாஸ் பண்ணின ஏழு பைப்பும் மண்ணுக்குள்ளை ஒழுகுது. பிறகு குசினிக்கு என்னெண்டு தண்ணி வரும்?”

தோண்டினோம். குழாய் இணைப்பு எதைத் தொட்டாலும் சேறு. ஏழு கிளைகளையும் கழற்றி அடைத்தேன். மறுநாள் காலை என் குழாயைத் திறந்த ஓவசியரின் சட்டை முழுவதும் நனைந்தது. அவர் மனைவி கைதட்டிச் சிரித்தார். ஐயா முகத்தைத் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தார். கன்னியர்மடத்து வேலையும் கைக்கு வந்தது.

சில மாதம் கழித்து, சந்தையில் ஓவசியரைக் கண்டேன். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். என்னைக் கண்டதும் அதை உயர்த்திக் காட்டினார்.

“உமக்கு லைசென்ஸ் தந்த நாளிலை இருந்து, நான் இதை விலைக்கு வாங்கித் தின்னுறன்.”

எங்கள் ஊரில் குழாய் பூட்டி லைசென்ஸ் எடுத்தவர்கள் பலர் இருக்கிறார்கள், குழாய் கழற்றி எடுத்தவன் நான் ஒருவன்தான்.