நல்லுசாமி சொன்ன முப்பது நாள்

உறையூர் நல்லுசாமி மண்கூடை தூக்கி வளர்ந்தவர். நாற்பது வயதில் அறுபது ஆட்களை வைத்து வேலை வாங்கும் அஸ்திவாரக் கான்ட்ராக்டர் ஆனார். திருச்சிக்குத் தெற்கே 1964இல் எழும்பத் தொடங்கிய தொழிற்சாலையில் முக்கால்வாசி அஸ்திவாரம் அவர் போட்டதுதான்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று திட்டப் பிரிவு குமாஸ்தா மாத்ருபூதம் கேட்பார். நல்லுசாமி முப்பது என்பார். மாத்ருபூதம் தலை நிமிராமல் இருபத்தைந்து என்று போட்டுக்கொள்வார். மழை பெய்து நாலு நாள் இழுத்தால், அடுத்த வேலையை அவரே சத்தமில்லாமல் தள்ளி வைப்பார். மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்கு விலை கேட்பது போலத்தான். யாரும் அதைப் பொய்யென்று நினைத்ததில்லை.

1966 ஆவணியில் மாத்ருபூதத்தை ஸ்டோருக்கு மாற்றினார்கள். எந்த வேலை எப்போது என்பதை இனிமேல் சென்னையிலுள்ள கம்ப்யூட்டர் கணக்கிட்டுச் சொல்லும் என்றார்கள். புதிதாக வந்த எஞ்சினியர் கிளமென்ட், பெரிய ஷெட்டின் அஸ்திவாரத்துக்கு நாள் கேட்டார். பழக்கதோஷத்தில் நல்லுசாமி முப்பது என்றார். கிளமென்ட் குறைக்கவில்லை. சொன்னது சொன்னபடியே கம்ப்யூட்டர் படிக்கும் அட்டையில் துளையாகிச் சென்னைக்குப் போயிற்று.

திரும்பி வந்த தாளில் திறப்பு விழாத் தேதியே தள்ளிப் போயிருந்தது. மற்ற வேலைகள் கொஞ்சம் தாமதித்தாலும் பாதகமில்லையாம். இந்த ஓர் அஸ்திவாரம் தாமதித்தால் தொழிற்சாலையே தாமதிக்குமாம். நல்லுசாமியைக் கூப்பிட்டனுப்பினார்கள்.

"இருபத்தஞ்சுலயே முடிச்சுடறேங்க."

"அப்ப முப்பதுன்னு ஏன் சொன்னீங்க?" என்றார் கிளமென்ட்.

"நீங்க குறைப்பீங்கன்னுதாங்க."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கிளமென்ட் சிரிக்கவில்லை. "மெஷினுக்குப் பேரம் பேசத் தெரியாதுங்க," என்றார்.

இருபத்தைந்து என்று திருத்தி அனுப்பினார்கள். ஐப்பசி மழை குழியை நிரப்பியது. இரவும் பகலும் தண்ணீர் இறைத்தும் நாலு நாள் தாமதம். அதே மழையில் சுற்றுச்சுவர் வேலை பத்து நாள் நின்றது. அதை ஒருவரும் கேட்கவில்லை. தாளில் அதற்குத் தாமதிக்க இடம் இருந்தது. நல்லுசாமியின் வேலைக்கு இல்லை. பேச்சில் நாணயமில்லாதவர் என்று எழுதிக் கான்ட்ராக்டை ரத்து செய்தார்கள். அவருடைய ஆட்கள் துறையூர்ப் பக்கம் கிணறு வெட்டப் போய்விட்டார்கள்.

மிச்ச அஸ்திவார வேலையை எடுத்த வெளியூர்க் கம்பெனி நாற்பது நாள் கேட்டது. தந்தார்கள், திறப்பு விழாவும் தள்ளிப் போயிற்று. அந்தக் கம்பெனியிலேயே நல்லுசாமி மேஸ்திரியாகச் சேர்ந்தார். அடுத்த குழிக்கு எத்தனை நாள் ஆகும் என்று அதன் மானேஜர் ஒருநாள் கேட்டார்.

"நீங்க என்ன போட்டிருக்கீங்களோ, அத்தனை நாள்தாங்க," என்று சொல்லிவிட்டுக் குழிக்குள் இறங்கினார்.