ஒரு பல் நேரம்

என் சித்தி பல் செய்பவள். பல் மருத்துவர் இல்லை. மருத்துவர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். சித்தி வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து, பீங்கான் மாவைத் தண்ணீரில் குழைத்து, மெல்லிய தூரிகையால் தொட்டுத் தொட்டு அடுக்கி, கைக்கடக்கமான ஒரு சூளையில் சுட்டு, அந்த வாய்க்குரிய பல்லாகத் திருப்பி அனுப்புவாள். அறை முழுக்கப் பிளாஸ்டர் தூசி. சுவர் அலமாரியில் முகமில்லாத தாடைகள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கும். அவள் வீட்டு மாடியறைக்கு நான் குடிவந்த புதிதில் அந்த அறை வாசலிலேயே நின்றுவிடுவேன். பழகிய பிறகு இரண்டு தாடைகளுக்கு நடுவே டீ டம்ளரை வைக்கவும் கற்றுக்கொண்டேன்.

அந்த வீட்டில் நேரத்தைப் பல்லால்தான் அளப்பார்கள்; ஒரு பல் செய்ய ஆகும் நேரம் ஒரு பல். ஆரம்பித்து வைத்தவர் சித்தப்பா. அவர் பேருந்து ஓட்டுநர். நேரம் என்றால் அவருக்கு ஒரு பதற்றம் உண்டு. சித்தி வெயிலில் வேர்த்து வழிய உள்ளே நுழையும்போது அவர் சாய்வு நாற்காலியில் காத்திருப்பார்.

“எங்க போயிட்டு வர்ற?”

“கரண்ட் பில் கட்டத்தான். இருக்கறது ரெண்டு கவுண்டர், அதுல ஒண்ணு மூடிக்கிடக்கு.”

“ஒரு பல்லு போச்சு. பையில என்ன?”

“தக்காளி. மார்க்கெட்ல நம்ம தெருவை விட மலிவு.”

“அரைப் பல்லைக் குடுத்துத் தக்காளி வாங்கிட்டு வந்து மலிவுங்கறா பாரு!”

“ஆள் வெச்சா கூலி குடுக்கணும். நானே போனா கால் வலி மட்டும்தான். கால் வலிக்கு யாரும் பில் போடறதில்லையே.”

“பஸ்ஸை நான் ஓட்டறேன். அதுக்காக டயரையும் நானே செய்யறேனா?”

“நீங்க ஓட்டற ஓட்டுக்கு நீங்களே செஞ்சாத்தான் கட்டுப்படியாகும்.”

சித்தி விட்டுக்கொடுக்கவில்லை. மாவு வாங்க, பால் வாங்க, தபால் அனுப்ப, அச்சு வாங்கிவர, பல்லைக் கொண்டுபோய்க் கொடுக்க எல்லாவற்றுக்கும் அவளே தன் பழைய ஸ்கூட்டரில் கிளம்புவாள். மூன்று மருத்துவமனைகளுக்கு அவள் பல் செய்தாள். அவற்றில் பெரியதிலிருந்துதான் பாதிக்கு மேல் வேலை வந்தது. அங்கிருந்த டாக்டர் இளவயதுக்காரர், நல்ல மாதிரி. ஆனால் ஒரு மாதத்தில் மூன்று பற்கள் தாமதமானதும் அவரே கூப்பிட்டுவிட்டார்.

“மேடம், உங்க வேலையைப் பத்தி ஒரு குறையும் இல்லை. ஆனா ஆளை வரச் சொல்லிட்டு, பல்லு இன்னும் வரலைன்னு நான் எத்தனை தடவை சொல்றது? பெரிய லேப்காரங்க வாராவாரம் வந்து கேட்டுட்டுப் போறாங்க. எனக்கு அங்க மாத்த இஷ்டமில்லை.”

மாற்ற இஷ்டமில்லை என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் பாதி மாற்றிவிட்டார் என்றுதான் பொருள். அந்த மருத்துவமனை கைவிட்டுப் போனால், பீங்கான் சூளைக்கு வாங்கிய கடனைச் சித்தப்பாவின் சம்பளத்தில்தான் அடைக்க வேண்டும். சித்தி அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை மின்னலை வரச்சொன்னாள்.

மின்னல் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு வெளிவேலை செய்து கொடுப்பவள். நாற்பது வயதிருக்கும். யார் வீட்டுக்கு வந்தாலும் தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டாள். கண்ணாடியைத் தூக்கிவிட்டு அப்படியே டீ குடிப்பாள்.

“ஊசி நூல்லேர்ந்து உங்க பல்லு வரைக்கும் நான் பாத்துக்கறேன் அக்கா. நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேணாம்.”

“உடைச்சிராம கொண்டுபோகணும். உள்ளே இருக்கறது ஒரு ஆளோட சிரிப்பு.”

“என் வண்டியில முட்டையே உடைஞ்சதில்லை. பல்லா உடையப்போகுது?”

முதல் சில வாரங்கள் வீடே மாறிப்போயிற்று. வேலை தேங்கவில்லை. மாலையில் சித்தி கால் நீட்டி உட்கார்ந்திருப்பதை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அவளுக்கு இருந்த ஒரே வருத்தம் தக்காளி. சித்தி வாங்கியதைவிடக் குறைந்த விலையில், அதைவிட நல்லதாக மின்னல் கொண்டுவந்து கொட்டினாள்.

“எப்படிப் பேரம் பேசினே?” சித்தியின் குரலில் கொஞ்சம் புகைச்சல் இருந்தது.

“எங்க அக்கா பேசினேன்? எனக்கு நேரமில்லை, வெலையைச் சரியா சொல்லுன்னு வண்டியை ஆஃப் பண்ணாம நின்னேன். சொல்லிட்டான்.”

சித்தப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் டீச்சரின் பல் திரும்பி வந்தது.

அவர் ஒரு பள்ளி ஆசிரியை. முன்பல் ஒன்று உடைந்து, அதன்மேல் கேப் போட வேண்டியிருந்தது. அந்தப் பெரிய மருத்துவமனை டாக்டர் நிற மாதிரிகளைப் பல்லோடு வைத்துப் பார்த்து ஒரு எண்ணை எழுதி அனுப்பியிருந்தார். சித்தி அந்த எண்ணுக்கு மயிரிழை பிசகாமல் செய்து அனுப்பினாள். அது மற்றப் பற்களோடு ஒட்டவில்லை, தனியாகத் தெரிகிறது என்று திரும்பி வந்தது. மருத்துவர் வேறொரு எண் எழுதினார். சித்தி வேறொரு பல் செய்தாள். அதுவும் வந்துவிட்டது. மின்னல் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு, செய்தியையும் மூச்சு விடாமல் சொன்னாள்.

“டாக்டர் சொன்னாரு, இன்னொரு தடவைதான் பாப்பாராம். டீச்சரம்மா சொன்னாங்க, பசங்க போர்டைப் பாக்கறதை விட்டுட்டு இவங்க பல்லையே பாக்கறாங்களாம். நான் ஒண்ணும் சொல்லலை. அக்கா, பால் ரெண்டு பாக்கெட்தானே?”

சித்தி பல்லை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எண்ணுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு குற்றமும் இல்லை. “இதுல என்ன தப்புன்னே தெரியலையே,” என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. தப்பு தெரிந்தால் திருத்திவிடுவாள். தெரியாத தப்பை எங்கே பிடித்துத் திருத்துவது?

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. தானே நேரில் பார்ப்பதென்று சித்தி கிளம்ப, அவள் ஸ்கூட்டரின் பின்னால் பல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். மருத்துவரின் அறையில் பல்லை டீச்சரின் வாயில் பொருத்திப் பார்த்தார்கள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சித்திக்கும் தெரியவில்லை. நோயாளிகள் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சமீபத்தில் இதமான மஞ்சள் விளக்குகள் போட்டிருந்தார். அந்த வெளிச்சத்தில் எல்லோருமே நல்ல தூக்கம் தூங்கி எழுந்தவர்கள் போல இருந்தோம்.

“பொருத்தமாத்தானே இருக்கு மேடம்?” என்றார் டாக்டர்.

“இங்க பொருத்தமாத்தான் இருக்கும். ஸ்கூலுக்குப் போனாத்தான் வெளுக்கும்,” என்றார் டீச்சர்.

சித்தி, வீட்டுக்கு வந்தவரை உட்காரச் சொல்வது போல, டீச்சரின் முழங்கையைத் தொட்டு வெளியே காத்திருப்பு அறைக்குக் கூட்டிப்போய்த் தெருவைப் பார்த்த பெரிய ஜன்னலோரம் உட்கார வைத்தாள்.

“இப்படி வெளிச்சமா உக்காருங்க டீச்சர். எந்த கிளாஸ் எடுக்கறீங்க? வாலுப் பசங்களா?”

“அதை ஏன் கேக்கறீங்க! நேத்துகூட ஒருத்தன்…” என்று டீச்சர் சிரித்தபடி ஆரம்பித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் அந்த ஒரு பல் மட்டும், பழைய புத்தக வரிசையில் செருகிய புது நோட்டு மாதிரி, வெள்ளை வெளேரென்று நின்றது. எனக்கே தெரிந்தது.

சித்தியின் முகம் மாறியது. “நிறுத்தாதீங்க, பேசுங்க, பேசுங்க,” என்று சொல்லிக்கொண்டே கைப்பையிலிருந்து மாதிரிப் பற்களை எடுத்தாள். ஒவ்வொன்றாக டீச்சரின் பல்லருகே பிடித்தாள். என்னிடம் பென்சில் வாங்கி, பெட்டி மூடியில் ஒரு பல் வரைந்து, அதன் நுனி எவ்வளவு தூரம் கண்ணாடி போல இருக்கிறது, நடுவில் எங்கே லேசான ஒரு கோடு ஓடுகிறது என்று குறித்தாள். அந்தக் கோட்டுக்கு எந்த மாதிரியிலும் எண் கிடையாது.

டாக்டர் கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், முன்னாடியெல்லாம் பல்லு குடுக்க வந்தா இங்கதானே உக்காந்து பேஷண்டுகளோட கதை பேசிட்டிருப்பீங்க? நான் சும்மா அரட்டைன்னுல்ல நினைச்சேன்!”

“நானும் அப்படித்தான் நினைச்சேன் டாக்டர்.”

உண்மையாகவே அப்படித்தான். இத்தனை வருடமும் பெட்டியைக் கொடுக்கப் போகிறோம், வாங்கப் போகிறோம் என்றுதான் சித்தி நினைத்திருந்தாள். போகிற இடத்தில் ஆளைப் பார்த்ததையும், பேசவைத்ததையும், பார்த்தது கைக்கு வந்ததையும் அவள் வேலையில் சேர்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா கேட்டார், “இன்னைக்கு எத்தனை பல்லு போச்சு?”

“ஒண்ணும் போகலை. கரண்ட் பில்லு, மார்க்கெட்டு, தபாலு, அதெல்லாம் நீங்க சொன்ன மாதிரி தண்டம்தான். ஒத்துக்கறேன். முன்பல்லு பாக்கப் போறதை மட்டும் அந்தக் கணக்குல சேக்காதீங்க. அது பல்லுக்குள்ளயே இருக்கு.”

“ஒத்துக்கறேன்னியா? இன்னொரு தடவை சொல்லு, இவளும் சாட்சியா கேக்கட்டும்.”

நான் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டேன்.

அடுத்த வாரம் மூன்றாவது பல் பொருத்தப்பட்டது. இந்த முறை டாக்டரே, “உள்ளே பாத்தது போதும், வாங்க,” என்று எல்லோரையும் தெருவுக்குக் கூட்டிவந்துவிட்டார். நடைபாதையில் டீச்சர் வாயைத் திறந்து நிற்க, டாக்டர் ஒரு பக்கமும் சித்தி ஒரு பக்கமும் குனிந்து உள்ளே பார்த்தார்கள். அந்தப் பக்கமாகப் போன ஒருவர் நின்று, “என்னங்க, ஏதாவது விழுங்கிட்டாங்களா?” என்று கவலையோடு கேட்டார்.

“என் முன்பல்லுல செஞ்சு வெச்சது எதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க பாக்கலாம்,” என்றார் டீச்சர். வழிப்போக்கர் உற்றுப் பார்த்துவிட்டு, தப்பான பல்லைக் காட்டினார். டீச்சர் கைதட்டினார். டாக்டர் நிமிர்ந்து சித்தியைப் பார்த்தார். பெரிய லேபைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் இரண்டு புது அச்சுப் பெட்டிகளை எடுத்துவந்து நீட்டினார்.

சித்தி கைநீட்டி வாங்கவில்லை.

“பெட்டியை மின்னல் வந்து வாங்கிக்குவா டாக்டர். இந்த அச்சுக்காரங்க ரெண்டு பேரும் எப்ப வர்றாங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க. நான் வர்றேன்.”