கடலுக்கு நேரே போட்ட சரி

சுனாமிக்குப் பிறகு வாகரையில் மூன்று குடும்பத்துக்கு ஒரு போட், ஒரு எஞ்சின் என்று தருவதாகச் சொன்னார்கள். அதற்கு முன் ஒரு படிவம். யாருக்கு என்ன வேலை தெரியும்? தெரியும், கொஞ்சம் தெரியும், தெரியாது: ஒன்றில் சரி போட வேண்டும். சைக்கிளில் மீன் விற்ற அப்பா எங்கள் மூன்று குடும்பக் குழுவுக்குத் தலைவர். எழுத்து அழகு என்று பத்து வயதான என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். உயிரை வாங்கிய வேலை அது.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எல்லாவற்றுக்கும் "தெரியும்" போடச் சொன்னார். அலையில்லாத வாவியில் தோணி தள்ளியதைத் தவிர வேறெதுவும் செய்தறியாதவர். அம்மா தலையிலடித்துக்கொண்டார்.

அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, நேர்மாறு. முப்பது வருசம் கடலில் கிடந்தவர். வலைக்குக் "கொஞ்சம்". எஞ்சினுக்கும் "கொஞ்சம்". கடல் என்றதும், "தெரியாது எண்டு போடு புள்ள" என்றார்.

"அண்ணன், பகிடியா விடுறீங்க?" என்று அப்பா கத்தினார். பெரியப்பா எழும்பிப் போய்விட்டார்.

மாமாவிடம் அப்பா ஒரு பழைய எஞ்சினைக் கொடுத்தார். "எவ்வளவு நேரம் எடுக்கும் எண்டு முதல்ல சொல்லு. மறுகா கழட்டிப் பூட்டு."

"அரை மணித்தியாலம் அத்தான்."

பொழுது சாயும்வரை மணலில் குந்தியிருந்தார். முடிந்தபோது மூன்று நட்டு மிச்சம். கம்பனிக்காரன் கூடுதலாகப் போட்டிருக்கிறான் என்று சொல்லிப் பார்த்தார். பெரியப்பா வந்து மூன்றையும் அந்தந்த இடத்தில் பூட்டிவிட்டுப் போனார். மாமா என்னிடம் வந்து, "எல்லாத்தையும் கொஞ்சம் எண்டு மாத்து மருமகள்" என்றார்.

அடே கடவுளே, இப்போது படிவத்தில் கடலில் ஓட்டத் தெரிந்தவர் ஒருவருமில்லை! அப்படியென்றால் போட் வேறு குழுவுக்குப் போய்விடும். அப்பா கெஞ்சியும் பெரியப்பா அசையவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அழித்துவிட்டு, அவருக்குக் கடல் "தெரியும்" என்று நானே சரி போட்டேன்.

போட் கிடைத்தது. படிவப்படி ஓட்டுபவர் பெரியப்பா. போட்டோடு திரும்பி வந்த படிவத்தைப் பார்த்தவர், "இத ஆரு போட்டது?" என்றார்.

"நான்தான்" என்றேன், பாராட்டப்போகிறார் என்று.

படிவத்தைத் திருப்பித் தந்துவிட்டு நடந்தார். நன்றி கெட்ட மனுசன் என்று வீட்டில் திட்டித் தீர்த்தேன்.

பெரியம்மாவும் இரண்டு அண்ணன்மாரும் அலையில் போனது எனக்குத் தெரியும். கடல் பொங்கி வாசலுக்கு வந்தபோது, ஓட எழும்பிய அவர்களை, "எனக்குக் கடலத் தெரியும், பயப்பிடாம இருங்க" என்று வீட்டுக்குள் நிறுத்தி வைத்தவர் பெரியப்பாதான் என்பது அப்போது தெரியாது.