எரிமலைக்குக் கீழே ஒரு துணிக்கொடி

போன மாதம் நியூசிலாந்துக்குப் போயிருந்தேன். கூடவே மச்சாள். என் அண்ணனின் மனைவி, மட்டக்களப்புக் கடற்கரையில் கல்லடிக்காரி. அண்ணனையும் வீட்டையும் சுனாமி ஒரே காலையில் கொண்டுபோனது. அதே வளவில், அந்த வீட்டு நிலத்தில், மச்சாள் திரும்பவும் வீடு கட்டத் தொடங்கினார். சுவர் இன்னும் இடுப்பளவில்தான் நிற்கிறது.

"இனி அங்க போகாதீங்கம்மா. வளவை வித்துட்டு எங்களோடயே இருங்க." நியூசிலாந்தில் குடியிருக்கும் அவர் மகள் வசந்தி காரை ஓட்டியபடி வழிநெடுக இதையேதான் சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

மச்சாள் வெளியே பார்த்தபடி வந்தார். மலைப்பாதையின் ஒரு வளைவில் நிறுத்தச் சொன்னார். காரை ஓரங்கட்டினோம். இறங்கிப் பார்த்தால்... காலடியில் கிடுகிடு பள்ளம். கறுத்த பாறைகளுக்கு நடுவே, ஆழத்தில் தண்ணீர் ஓடுகிறது.

அங்கிருந்த பலகையை வசந்தி வாசித்தாள். "எரிமலைக் குழம்பு இறுகின பாறையாம். அதை வெட்டித்தான் இந்தப் பள்ளம் வந்ததாம்."

"ஆரு வெட்டினது?"

"ஆறுதான்."

"அதைத்தான் கேக்கன், ஆரு?"

சிரிக்காதீர்கள். வாவி பெருகினால் ஆற்றுவாயை மனிதர்கள் வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடுகிற ஊர் எங்களுடையது. வெட்டு என்றால் எங்களுக்கு ஆள் வேண்டும்.

"அப்ப எரிமலை எங்க?"

"அந்தா, பனி மூடிக் கிடக்கு. இன்னும் உயிரோடதான் இருக்கு."

மச்சாள் பார்த்தார். அடிவாரத்தில் வீடுகள். ஒரு வீட்டுக் கொடியில் துவைத்த துணிகள்.

"அதுக்குக் கீழ சனம் இருக்கா?"

"ஓம், பரம்பரையா இருக்காங்க."

"வளவை வித்துட்டு ஓடுங்க எண்டு அவங்களுக்கு ஆரும் சொல்லல்லயா?"

வசந்தி என்னைப் பார்த்தாள். நான் பள்ளத்தைப் பார்த்தேன்.

"ஷெல் விழக்குள்ள நான் ஓடல்ல. கடல் வந்தும் ஓடல்ல. இப்ப சண்டையும் முடிஞ்சிட்டு, மறுகா ஏன் ஓடுற? அது என்ட சீதன வளவு புள்ள. என்ட அம்மா எனக்குத் தந்தது, நாளைக்கு உனக்கு. எரிமலைக்குக் கீழ இவங்க உடுப்புக் காயப்போடலாம், கடலுக்குப் பக்கத்தில நான் காயப்போடக் கூடாதா?"

கடலைக் கண்டு பயப்படுவதெல்லாம் தூரத்தில் இருக்கிற நாங்கள்தான். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது — பெருமைதான் கொஞ்சம் கூடுதல்.

மச்சாள் ஊருக்குத் திரும்பிவிட்டார். வீட்டு வேலை நடக்கிறது. கடல் பக்கத்தை வெறுஞ்சுவராக விடவா என்று மேசன் கேட்டாராம்.

"பெரிய யன்னலா வையுங்க" என்றாராம் மச்சாள்.