சுண்ணாம்பு போட்ட கல்

ஆய்வுகூடத்தில் நான் தொழில்நுட்ப உதவியாளர். ஆராய்ச்சி பேராசிரியருடையது, மண்ணும் தூசும் என்னுடையவை. மோட்டார் சைக்கிள் பாகங்களுக்குக் குரோமியம் முலாம் பூசும் ஒரு பட்டறை, தொட்டிகளின் அடியில் தேங்கும் பச்சைச் சேற்றைப் பீப்பாய்களில் அடைத்து வைத்திருந்தது. இல்லாவிட்டால் வாவிக்குள் போயிருக்கும் சேறு. அதைக் களிமண்ணோடு பிசைந்து செங்கல்லாகச் சுட்டால், சூட்டில் மண் இறுகி உலோகத்தை உள்ளே பூட்டிவிடும். ஒரு பங்கு சேறு, பத்துப் பங்கு மண். இவ்வளவுதான் வித்தை.

சுட்டுத் தந்தவர் கிரான் ஊரில் செங்கல் சூளை வைத்திருக்கும் ஓர் அண்ணன். முதல் சூளைக் கல்லை இடித்து, அமிலம் கலந்த தண்ணீரில் ஒரு நாள் முழுக்கக் குலுக்கினேன். வடித்த தண்ணீர் தெளிவாக இருந்தது. கருவியிலும் ஒன்றும் ஏறவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே சூளைக்குப் போய், "அண்ணன், இந்தக் கல்லால கிணத்துக்கே கட்டலாம்" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கொழுப்பு. அப்படிச் சொல்ல எனக்கு யாரும் அதிகாரம் தந்திருக்கவில்லை.

இரண்டாம் சூளையிலிருந்து இரண்டு கற்களைப் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தார். வெளிர் நிறம், முந்தியதைவிட அழகு. வேறு வேலைகளில் சுணங்கி, பத்து நாள் கழித்துத்தான் அவற்றை எடுத்தேன். வடித்த தண்ணீர் மஞ்சளாக இருந்தது. என் கைப்பிழை என்று நினைத்து மறுபடி செய்தேன். மறுபடியும் மஞ்சள். குரோமியம் நஞ்சாக மாறினால் அந்த நிறம்தான் வரும். உடனே அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"மண்ணுக்க வேற என்னவும் போட்டீங்களா அண்ணன்?"

"ஓம் மிஸ், கொஞ்சம் சிப்பிச் சுண்ணாம்பு. ஊத்தைச் சாமான்தானே. கக்கூஸ் குழிக்கும் செத்த மாடு புதைக்கிற கிடங்குக்கும் சுண்ணாம்பு போடாம மூடுவமா? மனம் கேக்கல்ல, போட்டுட்டன்."

அவரில் பிழை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் யாரும் அதைத்தான் செய்வார்கள். சுண்ணாம்பும் சூடும் சேர்ந்தால் குரோமியம் தண்ணீரில் கரையும் நஞ்சாகிவிடும் என்று நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கிணற்றைப் பற்றிப் பெருமையடிக்க எனக்கு நேரம் இருந்தது, இதைச் சொல்ல இருக்கவில்லை.

"அந்தக் கல்லெல்லாம் இப்ப எங்க?"

"நீங்க சொன்ன மாதிரி எங்கட வீட்டுக் கிணத்துக்குக் கட்டியாச்சு."

ஐயோ கடவுளே! அந்த வீட்டுக்கு அது ஒரே கிணறு. குடிப்பதும் சமைப்பதும் அதில்தான். அண்ணனின் மகள் வேறு பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தாள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் ஆட்டோ பிடித்துப் போனேன்.

நான் சொன்னதைக் கேட்டதும் அண்ணன் இரும்பு அலவாங்கை எடுத்துவந்து கிணற்றின் மேல்கட்டை இடிக்கத் தொடங்கினார். அவர் மனைவிதான் பேசினார். "படிச்ச புள்ள சொன்னா எண்டுதானே கட்டின நாங்க. மறுகா யாரை நம்புற?" வெட்கத்தில் எனக்கு முகம் நிமிரவில்லை. உடைந்த கற்களைச் சாக்கில் அள்ளிக் கட்டினேன். கிணற்றுத் தண்ணீரில் ஒரு போத்தல் நிரப்பிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பத்து நாளும் மழை பெய்திருக்கவில்லை. கல்லிலிருந்து எதுவும் கிணற்றுக்குள் இறங்கியிருக்கவில்லை. மூன்று தரம் சோதித்தேன், மூன்று தரமும் சுத்தம். அறிக்கையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அண்ணனின் மனைவி அதை வாங்கிப் பார்க்கவில்லை. கிணற்றில் ஒரு வாளி அள்ளி, கண்ணாடிக் கிளாஸில் வார்த்து என்னிடம் நீட்டினார். "அப்ப குடிங்க புள்ள."

குடித்தேன். முழுவதையும் குடித்தேன். ஆனால் வாயில் வைக்குமுன் கிளாஸை வெளிச்சத்தில் தூக்கி நிறம் பார்த்துவிட்டேன். கை தானாகப் போனது. அதை அவர் கண்டுவிட்டார்.

"மகளுக்குக் கடையில போத்தல் தண்ணி வாங்கிட்டு வாங்க" என்று கணவரிடம் சொன்னார்.