சிலுவையடியில் நான் அழுத அழுகை

இதை எழுத ஆறு வருஷம் தயங்கினேன். பங்கு மக்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம்தான். ஆண்டவர் விடவில்லை.

அமெரிக்காவில், சுகர் லேண்டில் எங்கள் தமிழ்ப் பங்குக் கோயிலில், பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையை வேடம் போட்டு நடிப்போம். இயேசு உயிர் விடும் கட்டத்தில் யாரும் பேசக் கூடாது. படத்தில் இருப்பதுபோல அசையாமல் நிற்க வேண்டும். நான் மாதா. ஒரு வருஷம் என் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. "ஆன்ட்டி, மாதாவையே பாத்த மாதிரி இருந்துச்சு" என்று ஒரு பெண் என் கையை விடவே இல்லை.

அதற்கு முந்தின மாதம்தான் என் மகள் பார்மசி படிப்பை விட்டு பிரெஞ்சு இலக்கியத்துக்கு மாறியிருந்தாள். படிப்பின் கடைசி வருஷத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல்களைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். நான் பத்தாவதுதான்; எனக்குப் புரிந்தது இவ்வளவு. அந்தக் காலத்துப் பெரிய வீட்டு விருந்துகளில் வேடம் போட்டு, ஓவியம் போலவே அசையாமல் நிற்பார்களாம். ஒருத்தியை எங்கே நிறுத்துவது, வெளிச்சம் எங்கே விழ வேண்டும் என்பதை நாவல் எழுதியவர்கள் ஓவியத்திலும் மேடையிலும் கற்றுக்கொண்டார்களாம். பிறகு ஓவியர் நுழைய முடியாத அவள் மனசுக்குள் நுழைந்துவிடுவார்களாம்.

"மாம், யூ டூ தட் எவ்ரி இயர். அப்போ என்ன நினைப்பீங்க?"

"ஜெபம்தான்டி. வேறென்ன."

அதையே எழுதிவிட்டாள். நாவலில் நிற்பவளுக்கு உள்ளே வேறு நினைப்பு, என் அம்மாவுக்கு உள்ளும் புறமும் ஒன்று என்று. எனக்குப் படித்தும் காட்டினாள். நாலு நாள் ஜெபமாலையில் எண்ணிக்கை தப்பிக்கொண்டே இருந்தது. என் பொய் பிள்ளையின் படிப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டதே. வெள்ளிக்கிழமை கட்டுரையைக் கொடுக்க வேண்டும்.

வியாழக்கிழமை ஃப்ரீவேயில் அவள் கார் ஓட்டும்போது சொன்னேன்.

"அன்னைக்கு நான் ஜெபிக்கல. நீ மூணாவது வரிசையில உக்காந்து கதைப் புக்கு படிச்சிட்டிருந்த. பார்மசியை விட்டுட்டாளேன்னு உன் மேல இருந்த கோவத்துல அழுதேன்."

அவள் காரை ஓரத் தடத்துக்கு மாற்றினாள்.

"மாதா டிரஸ்ல?"

"மாதா டிரஸ்லதான்."

"ஸ்டில் மேட்? இன்னும் கோவமா?"

"கொஞ்சம்."

சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினாள்.

பங்கில்தான் இன்னும் அந்தக் கண்ணீரைப் புகழ்கிறார்கள். இந்தத் தவக்காலத்திலும் மாதா வேடத்துக்கு என்னையே கேட்டிருக்கிறார்கள். அதனால் இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், நான் சொன்னபடியே சொல்லுங்கள். என் மேல் இரக்கப்பட்டு, கோபத்தை எடுத்துவிட்டு ஜெபத்தை வைத்துவிடாதீர்கள்.