டுபாய் போன வீரன்

கலஹாவில் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலை மலைப் பாதையில் ஏறுகிறேன். எப்போதும் கூடவே ஏறும் என் நாய் வீரன் இறந்து மூன்று வாரம். மலைக்குப் பயமில்லை, வழியில் கொழுந்தெடுக்கும் செல்வி அக்கா அவனைப் பற்றிக் கேட்பாரே என்றுதான் பயம். பஸ்ஸில் வரும்போதே "வீரன் செத்துட்டான்" என்று நாலு தரம் ஒத்திகை பார்த்தேன். பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

பத்து மணித் தேத்தண்ணிக்குக் கூடையை இறக்கிவைத்த அக்கா என்னைப் பார்த்துவிடுகிறார்.

"எங்க சார் அவன்?"

ஒத்திகை காற்றில் போகிறது. "டுபாய் போயிட்டான் அக்கா."

"நாயா?"

"ஆமா. செக்யூரிட்டி வேல."

அவர் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்க்கிறார்.

"கஷ்டப்பட்டானா சார்?"

"இல்லக்கா. தூக்கத்துலயே போயிட்டான்."

ஐம்பத்திரண்டு வயது ஆம்பிளை, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு தேம்புகிறேன். அக்கா தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டுகிறார்.

"இந்தாங்க, அவனுக்குக் குடுக்கிறது. நீங்க தின்னுங்க. அவன மாதிரி கைய மட்டும் நக்கிராதீங்க."